கல்யாணக் கரண்டி

என் அக்கா கஸ்தூரி மீன் சாப்பிட மாட்டாள். ஏழு வயதில் தொண்டையில் ஒரு முள் சிக்கியது, அன்றோடு விட்டுவிட்டாள். தூண்டிலைக் கையில் பிடித்ததும் கிடையாது. ஆனால் எங்கள் ஊரான உலு திராமிலிருந்து காஹாங் வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரம் நிற்கிற பலருடைய பெட்டிகளில் அவள் செய்த கரண்டி ஒன்றாவது இருக்கும்.

கரண்டி என்றால் சாப்பாட்டுக் கரண்டிதான். பிடியை அறுத்துவிட்டு, குழிவான பாகத்தின் இரண்டு நுனியிலும் துளை போடுவார்கள். ஒரு துளையில் தூண்டில் நரம்பு, மறு துளையில் மூன்று முனை முள். ஆற்றில் எறிந்து இழுத்தால் அடிபட்ட குஞ்சு மீன்போல நெளிந்து நெளிந்து வரும். செபராவ் மீனுக்கு அந்த நெளிவைக் கண்டால் பொறுக்காது, பாய்ந்து கவ்விவிடும். வெறும் எவர்சில்வருக்கும் மீன் மாட்டும். ஆனால் கலங்கலான தண்ணீரில் இன்னும் கொஞ்சம் மினுக்கு வேண்டும், மேலே எதையாவது போர்த்த வேண்டும். அந்தப் போர்வைதான் அக்காவின் வேலை.

மற்றபடி அவளுடைய தொழில் சீர்த்தட்டு அலங்காரம். கார் நிறுத்தும் முகப்பில் ஒரு நீள மேசையைப் போட்டு, கல்யாணத்துக்கும் நிச்சயத்துக்கும் தட்டு செய்து கொடுக்கிறாள். புடவையை மயிலாக மடிப்பாள், ஆரஞ்சுப் பழங்களுக்கு வலைத்துணி கட்டுவாள், தட்டின் விளிம்பு முழுக்க ஜிகினாத்தாள் ஒட்டுவாள். எல்லாம் முடிந்த பிறகு விரல் நீளத்துக்கு, நகத்தின் அகலத்துக்கு ஜிகினாத் துண்டுகள் மிஞ்சும். அவற்றைத் தூக்கிப் போட அவளுக்கு மனம் வராது. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள். கரண்டிகளுக்கு உடுப்பு அந்த டின்னிலிருந்துதான் வருகிறது.

முதலில் கரண்டியை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பாள். இரு பக்கமும் ஒட்டும் டேப்பை அதன் முதுகில் படியவைத்து ஓரத்தை நறுக்குவாள். ஜிகினாவை மேலே வைத்து, நடுவிலிருந்து விளிம்புக்குக் காற்றைத் தள்ளித் தள்ளி அழுத்துவாள். இதற்கென்று அவளிடம் ஒரு கருவி உண்டு: அறுபட்ட பழைய கரண்டிப் பிடி ஒன்று. அறுத்த முனையை அரத்தால் மழுக்கி வைத்திருந்தாள். எங்கே போனாலும் கத்தரிக்கோலோடு அதுவும் கைப்பையில் போகும். அழுத்தி முடித்ததும் வெங்காய மூட்டையின் வலையைக் கரண்டிமேல் இழுத்துப் பிடித்து நகப்பூச்சைத் தடவி எடுப்பாள். வலையை நீக்கினால் செதில் செதிலாக நிற்கும். கடைசியாக நிறமில்லாத நகப்பூச்சு மூன்று பூச்சு. காய்கிற வரை துணிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கும். எங்கள் வீட்டுக் கொடியில் என் வேலைச் சட்டைக்கும் அக்காவின் கணவரான மாமாவின் காலுறைக்கும் நடுவே ஊதாவும் பொன்னுமாய் ஒரு மீன்கூட்டம் காற்றில் நீந்திக்கொண்டிருக்கும்.

இந்தக் கரண்டிகளுக்குக் கல்யாணக் கரண்டி என்று பேர் வைத்தவர் மனோகரன் அண்ணன். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர், மாமாவின் மீன்பிடிக் கூட்டாளி.

"தங்கச்சி, போன வாட்டி குடுத்தது ரொம்பப் பொண்ணு மாதிரி இருந்துச்சு லா. மீனு வெக்கப்பட்டுக்கிட்டு கிட்டவே வரல. இந்த வாட்டி மாப்பிள்ளை மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன்."

"மாப்பிள்ளை மாதிரின்னா எப்படிண்ணே? உங்கள மாதிரி தொப்பையோடயா?"

"தொப்பை இருந்தாதான் தண்ணில நல்லா ஆடும்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டே இரண்டு கரண்டிகளை எடுத்துப்போவார்.

மாமாவின் பேர் வீரமுத்து. சிங்கப்பூரில் ஏர்கான் பழுது பார்க்கும் வேலை. விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிவிடுவார். ஞாயிறு ஒரு நாள்தான் அவருக்குச் சொந்தம், அதையும் ஆற்றுக்குக் கொடுத்துவிடுவார். அவருடைய பெட்டியில் பதினைந்து கரண்டிகள் இருந்தாலும் அவர் நம்புவது ஒன்றைத்தான். அதற்கு 'மூத்தது' என்று பேர். ஒன்பது வருடத்துக்கு முன்பு, இந்த வீட்டுக்குக் குடிவந்த வாரத்தில், அவரே அறுத்துத் துளை போட்டு, "இதுக்கு மினுமினுன்னு ஏதாச்சும் ஒட்டிக் குடு" என்று அக்காவிடம் நீட்டியது. அக்கா போர்த்திய முதல் கரண்டி அதுதான். ஜிகினா உரிய உரிய மேலேயே இன்னொன்றை ஒட்டி, மறுபடி பூசி, மறுபடி ஒட்டி, அது தடித்துக்கொண்டே வந்தது.

இந்த வருடம் மூத்தது நெளிய மறுத்துவிட்டது. இழுத்தால் கட்டைபோல நேராக வந்தது.

"வயசாயிடுச்சு" என்றார் மாமா, துக்கத்தோடு.

"வயசும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒன்பது சட்டையப் போட்டுக்கிட்டு யாராச்சும் ஆட முடியுமா? எல்லாத்தையும் கழட்டிட்டுப் புதுசா ஒண்ணு போட்டு விடறேன்" என்றாள் அக்கா.

அந்தச் சமயத்தில் அக்காவின் மனம் கரண்டியில் இல்லை. வாசுகிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வாசுகி, மாமாவின் அக்கா தனலெட்சுமியின் ஒரே பெண். அவர்கள் காஹாங்கில் இருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் கல்யாணத்துக்கெல்லாம் தட்டு செய்கிற கஸ்தூரி, சொந்த நாத்தனார் மகளுக்குச் செய்யவில்லை என்றால் ஊர் என்ன கேட்கும்? ஊர் கிடக்கட்டும், அந்தப் பெண்ணைக் குழந்தையில் தூக்கி வளர்த்தவள் அக்கா. ஆனால் தனம் அக்கா ஒன்பது வருடமாக எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்காவும் அங்கே போவதில்லை. காரணம் ஒரு கரண்டி.

தனம் அக்காவின் கல்யாணத்துக்கு அவருடைய அப்பா குளுவாங் பாத்திரக்கடையில் ஆறு எவர்சில்வர் கரண்டி வாங்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் மகள் பேரை வெட்டிக் கொடுத்தார். அடுத்த வருடமே தவறிப்போனார். எங்கள் புதுமனைப் புகுவிழாவுக்குத் தனம் அக்கா ஒரு பெட்டி நிறையப் பாத்திரம் கொடுத்தனுப்பினார். அவர் திரும்ப எடுத்துப்போக வந்தபோது பெட்டியில் கரண்டி ஐந்துதான் இருந்தது.

"அஞ்சுதான் அண்ணி வந்துச்சு" என்றாள் அக்கா. அப்படித்தான் அவள் நம்பினாள்.

"அப்ப எனக்கு ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாதுங்கறியா?" தனம் அக்கா தமிழ்ப் பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லிக்கொடுக்கிறவர்.

பேச்சு வளர்ந்து வளர்ந்து, அக்கா சாமி மேடையில் சூடத்தை ஏற்றி, எரிகிற சூடத்தில் கையடித்துச் சத்தியம் செய்தாள். உள்ளங்கையில் கொப்புளம் போட்டது. தனம் அக்கா பாத்திரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். மாமா மட்டும் காஹாங்கில் மீன் பிடிக்கிற ஞாயிறெல்லாம் தன் அக்கா வீட்டுக்குப் போய், பெரிய மீனாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு வருவார். நாத்தனார் வீட்டுக்குப் போகிற மீனை அறுத்துக் கழுவியதும் தடவுவதற்கென்று மஞ்சளையும் உப்பையும் வீட்டிலிருந்தே டப்பாவில் கட்டிக் கொடுத்தனுப்புவாள் கஸ்தூரி. தனம் அக்காவுக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மதியம். அக்கா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தை ஊற்றி மூத்ததை அதில் ஊறப்போட்டாள். நான் எதிரே உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். முதல் தோல் சுருண்டு எழுந்தது. அக்கா அதை நகத்தால் தூக்கினாள்.

"இந்த ஊதா பிரேமலா கல்யாணம்" என்றாள். அடுத்தது பச்சை. "இது அந்த ஸ்கூல் பஸ் ஓட்டுறவர் மகன் நிச்சயம், மழை கொட்டுச்சே, அன்னிக்கு." அடுத்தது சிவப்பு. யாருடைய தட்டில் மிஞ்சியது என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் சொன்னாள். கடைசித் தோல் மங்கிய பொன் நிறம். "இது நம்ம வீட்டுத் தோரணம்" என்று சொல்லி அதை வலது ஓரத்திலிருந்து உரித்தாள். எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு சாய்த்துப் பார்த்தாள்.

"டேய் தம்பி, இங்க பாரேன். 'ணம்'னு எழுதியிருக்கு. கல்யாணம்! அதான் இத்தனை மீன் மாட்டியிருக்கு."

சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் மிச்சத்தைத் தள்ளினாள். 'ணம்'மின் இடப்பக்கம் ஓர் எழுத்துதான் இருந்தது. 'த'.

தணம்.

அக்கா அதைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவினாள். எழுத்து போகவில்லை. தனம் என்ற பேரை அந்தப் பாத்திரக்கடைக்காரர் மூன்று சுழி போட்டுத்தான் வெட்டியிருந்தார். ஆறு கரண்டியிலும் அதே பிழை. மாற்றித் தரச் சொல்லலாம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னபோது, அப்பா வாங்கித் தந்தது அப்படியே இருக்கட்டும் என்றாராம் தனம் அக்கா. பிள்ளைகளுடைய ன, ண தவறுகளைச் சிவப்பு மையால் சுழிக்கிறவர், இந்த ஒன்றை மட்டும் யாரையும் திருத்த விட்டதில்லை. எனவே இது வேறு யாருடைய கரண்டியாகவும் இருக்க வழியில்லை.

நாலு மணிக்கு மாமா வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அக்கா எதிரே நின்றாள்.

"என்னங்க, இத எங்க எடுத்தீங்க?"

"மூத்ததா? ஐயோ, மொத்தமா உரிச்சிட்டியா!"

"எங்க எடுத்தீங்கன்னு கேட்டேன்."

"நம்ம வீட்டுலதான். விசேஷம் முடிஞ்ச மறுநாள் கழுவி வச்ச கூடையில கெடந்துச்சு. நல்லா குழிவா இருந்துச்சு, நம்ம வீட்டுதுன்னு எடுத்தேன். ஏன்?"

அக்கா முதுகைத் திருப்பிக் காட்டினாள். மாமா உதடு அசையப் படித்தார். பிறகு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அலமாக்."

தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "யாருக்குத் தெரியப்போவுது? மேல திரும்ப ஒட்டிடேன்" என்றார்.

"எனக்குத் தெரியும்ல."

"அப்ப ஆத்துல விட்டுடறேன்."

"நான் சூடத்துல கையடிச்சேங்க. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க." அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "இப்ப எடுத்துட்டுப் போனா, வாசுகி தட்டுக்காக வந்து நிக்கறேன்னு நெனப்பாங்க. போகலன்னா, அவங்க இத்தனை வருஷமா சொன்னத நானே நெஜமாக்குன மாதிரி ஆயிடும்."

"நான் சொல்லிடறேன், நான்தான் எடுத்தேன்னு."

"நீங்க சொன்னா பொண்டாட்டிக்காகப் பொய் சொல்றீங்கன்னுதான் நெனப்பாங்க. உங்க அக்காவுக்கு நீங்க இன்னும் தொட்டில்ல கெடக்கற பிள்ளை."

மறுநாள் காலை காஹாங்குக்குக் கிளம்பினோம். ஒரு தட்டில் வைத்து, பூவெல்லாம் போட்டு எடுத்துப் போகலாமே என்றார் மாமா. "தட்டு வேணாம். தட்டோட போனா ஆர்டர் கேக்க வந்த மாதிரி இருக்கும்" என்று அக்கா கரண்டியைக் கைக்குட்டையில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வழி முழுக்கச் செம்பனை. வரிசை தவறாமல் நின்ற மரங்களைப் பார்த்தபடி அக்கா வாய்க்குள் எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசுகிதான் கதவைத் திறந்தாள். "அத்தை!" என்று கத்தி, கட்டிக்கொண்டு, பிறகு உள்ளே திரும்பிப் பார்த்துக் குரலை இறக்கினாள். தனம் அக்கா சாப்பாட்டு மேசையில் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். "வா தம்பி" என்று மாமாவைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உக்காரு" என்றார்.

மாமா மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். காஹாங்கில் மழை, உலு திராமில் மழை, பாலத்தில் மழை. அக்கா கைக்குட்டையை விரித்துக் கரண்டியைத் திறந்திருந்த பயிற்சிப் புத்தகத்தின் மேல் வைத்தாள். மழைப் பேச்சு நின்றது.

தனம் அக்கா அதை எடுத்தார். திருப்பினார். விரல் எழுத்தின் மேலே போய், அங்கேயே நின்றது.

"ஓட்டை போட்டிருக்கு."

"நான்தான்க்கா..." என்றார் மாமா.

"நீ சும்மா இரு. கஸ்தூரி, நீ சொல்லு."

"நேத்துதான் அண்ணி பாத்தேன். இவரு கூடையில இருந்து எடுத்து அறுத்திருக்காரு, எங்க வீட்டுதுன்னு நெனச்சு. மேல ஒட்டுனது எல்லாம் நான்தான். அன்னிக்கு முதுகுல ஏதோ கீறல் இருந்துச்சு, மூடிட்டேன். பேருன்னு தெரியல. சத்தியம் பண்ண மாட்டேன் அண்ணி, ஒரு வாட்டி பண்ணது போதும். நம்புனா நம்புங்க."

காரில் அவள் சொல்லிப் பார்த்தது இதுவல்ல என்று நினைக்கிறேன். அது இன்னும் நீளமாக இருந்தது.

"கீறலா? எங்கப்பா ஆசையா வெட்டிக் குடுத்த பேரு உனக்குக் கீறலா?" என்றார் தனம் அக்கா.

அக்கா தலையைக் குனிந்தாள். மின்விசிறி ஒரு பயிற்சிப் புத்தகத்தின் தாளைப் புரட்டியது. தனம் அக்கா கரண்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தார். அந்த மூன்று சுழியை வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா. அந்தக் கடைக்காரன் கீறித்தான் வச்சிருந்தான்" என்றார் கடைசியில். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "இதுல எத்தனை மீன்டா பிடிச்ச?"

"நூத்துக்கு மேல இருக்கும்க்கா. பெருசெல்லாம் இங்கதானே கொண்டாந்தேன்."

"அப்ப, ஒன்பது வருஷமா என் கரண்டில பிடிச்ச மீன எனக்கே குடுத்திருக்க. நானும் அதைத் தின்னுக்கிட்டே, கஸ்தூரி கரண்டிய எடுத்துட்டா, எடுத்துட்டான்னு ஊரு பூரா சொல்லியிருக்கேன்!"

வாசுகிதான் முதலில் சிரித்தாள். தனம் அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், சிவப்புப் பேனாவால் மாமாவின் முழங்கையில் இரண்டு தட்டு தட்டினார். "திருட்டுப் பயலே. உன்னால ஒருத்தி கைய சுட்டுக்கிட்டா."

அதைச் சொன்ன பிறகு அவர் அக்காவின் வலது கையைத்தான் பார்த்தார். அங்கே இப்போது தழும்புகூட இல்லை. இருந்தாலும் பார்த்தார்.

"சரி, பிடி எங்க? கரண்டின்னா பிடி வேணாமா?"

மாமா விழித்தார். அக்கா "பிடியா..." என்று தொடங்கியவள் சட்டென்று நிறுத்திக் கைப்பையைத் திறந்தாள். அந்த நொடியில்தான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். கத்தரிக்கோலுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய பிடியை எடுத்து வைத்தாள். மாமா அறுத்துப்போட்ட அன்றே அவள் எடுத்து வைத்துக்கொண்டது, அன்றிலிருந்து ஒவ்வொரு தட்டின் ஜிகினாவையும், ஒவ்வொரு கரண்டியின் ஜிகினாவையும் அழுத்தியது அதுதான்.

தனம் அக்கா இரண்டையும் நுனியோடு நுனி சேர்த்து வைத்துப் பார்த்தார். சேரவில்லை. நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி.

"தேஞ்சிருச்சு அண்ணி."

"பேரு அவன்கிட்ட இருந்திருக்கு, கை உன்கிட்ட இருந்திருக்கு" என்றார். பிடியின் ஒரு பக்கம் தேய்ந்து கண்ணாடிபோல வழவழத்ததைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு எழுந்து உள்ளே போய், ஐந்து கரண்டிகள் இருந்த பெட்டியைக் கொண்டுவந்து பிடியை அதற்குள் வைத்து மூடினார். குழிவான பாகத்தை மாமாவிடம் தள்ளினார்.

"இது ஆத்துக்கே போகட்டும். எனக்கு மீன் வேணும். ஆனா பேர மூடக் கூடாது."

"மூடலன்னா முதுகுப் பக்கம் அவ்வளவா மினுங்காது அண்ணி" என்றாள் அக்கா, தொழில் தெரிந்தவளாக.

"மினுங்காட்டி என்ன? செபராவுக்குப் படிக்கவா தெரியும்?"

"படிச்சிச்சுன்னா எழுத்துப் பிழைன்னு ஓடிரும்மா" என்றாள் வாசுகி.

காப்பி வந்தது. அக்கா கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்டபம் எது, புடவை எடுத்தாச்சா, ஒன்றும் இல்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். புறப்பட எழுந்தபோது தனம் அக்கா பயிற்சிப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"ஜேபி டவுன்ல ஒரு கடையில ஒன்பது தட்டு சொல்லியாச்சு. இப்ப மாப்பிள்ளை வீட்டுல பதினொண்ணு வைக்கணுங்கறாங்க. மிச்சம் ரெண்டு தட்ட யாருகிட்ட குடுக்கறதுன்னுதான் தெரியல."

அக்கா பையின் ஜிப்பைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள்.

"என்ன கலரு அண்ணி?" என்றாள்.

அந்த இரண்டு தட்டுக்கும் அக்கா மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். அழுத்துவதற்குப் பழைய பிடி இல்லை. கடையிலிருந்து வாங்கிய புதுக் கரண்டி ஒன்றை எடுத்து, முதுகைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாமாவிடம் அறுக்கக் கொடுத்தாள். புதுப் பிடி இன்னும் கைக்குப் பழகவில்லை என்கிறாள். மூத்ததன் உட்பக்கத்துக்கு மட்டும் ஒரே ஒரு பொன் ஜிகினா, வாசுகியின் தட்டில் மிஞ்சியது. முதுகில் பேர் அப்படியே தெரிகிறது. முதல் ஞாயிறு ஒன்றும் மாட்டவில்லை. "வாசுகி சொன்ன மாதிரியே படிச்சிட்டு ஓடுது" என்றார் மனோகரன் அண்ணன். அடுத்த ஞாயிறு முழங்கை நீளத்துக்கு ஒரு செபராவ்.

அன்று மதியம் எல்லாரும் காஹாங்கில்தான் சாப்பிட்டோம். தனம் அக்கா மீன் குழம்பு வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாகக் கத்தரிக்காய்க் குழம்பு. அதை என் அக்காவின் முன்னால் நகர்த்தி, பெட்டியிலிருந்த ஐந்தில் ஒன்றை அதில் போட்டார்.

அக்கா குழம்பை அள்ளுவதற்கு முன் கரண்டியை மெல்லத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள்.

"பாத்தது போதும், சாப்பிடு" என்றார் தனம் அக்கா. "எண்ணித்தான் வச்சிருக்கேன்."